மேனேஜர் லேப்டாப்பில் ஏறாத லைப்ரரி

அப்பாவுக்கு வணக்கம். உங்க முட்டிவலி குறைஞ்சுதா? அம்மா மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன். இந்த வாரம் ரொம்பவே நல்லா இருக்கேன்.

எங்க ஆபீஸ்ல பைத்தான் மொழியில எழுதின புரோகிராம் ஆமை மாதிரி நகருதுன்னு சொன்னேனே? மெதுவான பகுதியை மட்டும் சி மொழியில எழுதி, மெஷினுக்குப் புரியற மாதிரி கம்பைல் பண்ணி, லைப்ரரின்னு தனி ஃபைலா அதுக்குள்ள ஏத்தினேன். பறந்துச்சு. மேனேஜர், தானே எழுதினதா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சார். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் கஸ்டமருக்கு ஓட்டிக் காட்ட, அந்த ஃபைலை அப்படியே தன் புது லேப்டாப்புக்கு காப்பி பண்ணிக்கிட்டார். அதுல இருந்தது பைத்தானோட புது வெர்ஷன். பழசுக்குக் கம்பைல் பண்ணின லைப்ரரி புதுசுல ஏறாது, மறுபடி கம்பைல் பண்ணணும். எனக்குத் தெரியும். பக்கத்துலயே உட்கார்ந்து வாயைத் திறக்கலை.

திரை முழுக்க எர்ரர். “கொஞ்சம் என்னன்னு பாரும்மா”ன்னார்.

“நீங்க எழுதினதுதானே சார், உங்களுக்குத் தெரியாததா?”ன்னேன். எல்லார் முன்னாலயும்தான். அந்த மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்ப்பா! மனசு குளிர்ந்துபோச்சு.

பயப்படாதீங்க, வேலை போகலை. கஸ்டமர் எழுந்து போனதுல டீம்ல யாரும் இப்ப என்கூடப் பேசறதில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன உதவி. இங்க மதியச் சாப்பாட்டு நேரமாப் பார்த்து போன் பண்ணுங்க. தண்ணி மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டு நாய், எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க, நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும்.

மேனேஜர் என் மேஜை முன்னால வந்து நிக்கிறார். மறுபடி கம்பைல் பண்ணித் தரச் சொல்லிக் கேட்கத்தான். நிக்கட்டும். இன்னும் ஒரு வரி எழுதிக்கிறேன்: அம்மாவையும் பேசச் சொல்லுங்க.