மறைத்து வைத்த வார்த்தை

சேசு மரி சூசை

ராயபுரம்,
21 நவம்பர் 1927

என் அன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு இருதயம்மாள் எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் சுகம். பெங்களூர்க் குளிரில் உங்கள் மார்ச்சளி எப்படியிருக்கிறதோ என்றுதான் கவலை. இங்கே விடாத மழை. கட்டுமரம் கடலில் இறங்காமல் ஐந்து நாளாகிறது.

முதலில், வெள்ளிக்கிழமைப் பரீட்சைக்கு நீங்கள் கேட்ட இங்கிலீஷ் பாடம். நீங்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் துரை திராட்சைக் கொடியை வெட்டிவிடுவதற்கு ‘ப்ரூனிங்’. ஒட்டுக் கட்டுவதற்கு ‘கிராஃப்டிங்’. திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்கி ஒயினாவதற்கு ‘ஃபெர்மென்டேஷன்’. நாக்கு சுளுக்கினாலும் பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள். கான்வென்டில் படித்தவள் என்றுதான் பேர், எல்லாம் அகராதி பார்த்து எழுதுகிறேன். திராட்சைக் கொடியை நான் கண்ணால் கண்டதில்லை.

நீங்கள் ரயில் பார்சலில் அனுப்பிய திராட்சைக் குச்சியை, சொன்னபடியே இரண்டு கணு மண்ணுக்குள் போக மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டேன். அடுத்த வீட்டுச் சொக்கம்மாள், “இன்னா இருதயம், அடுப்புக் கட்டைக்குத் தண்ணி ஊத்திகினு கீறே” என்று தினமும் கேலி. எனக்கும் நம்பிக்கை இல்லை. பதினெட்டாம் நாள், நேற்றுக் காலை, கணுவில் பஞ்சு சுற்றியது போல ஒரு மொட்டு. இன்று இரண்டு இலை, என் சுண்டுவிரல் நகம் அளவு. மழையில் நனைந்துகொண்டே பார்த்தேன். சொக்கம்மாள் வந்தாள், தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதையா நீங்கள் தினமும் செய்கிறீர்கள்? உங்களுக்கு நான் பாடம் சொல்கிறேன் என்று பெருமைப்பட்டதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

ஒரு குற்றத்தையும் சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் கொடி செத்தது போல நின்றும் சாகாமல் இருக்குமே, அதற்கு வார்த்தை கேட்டிருந்தீர்கள். அகப்படவில்லை என்று எழுதினேன். பொய். அன்றே தெரியும். பரீட்சையில் தேறினால் உங்களை எங்கோ வடக்கே குவெட்டாத் தோட்டத்துக்கு மூன்று வருஷம் அனுப்பிவிடுவார்கள். ஒரு வார்த்தை குறைந்தால் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அந்த இலையைப் பார்த்த பிறகு மறைக்க மனசு வரவில்லை. அது ‘டார்மென்ட்’. வெள்ளிக்கிழமை துரை கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

தேவமாதா உங்களைத் தேற வைப்பாள். குவெட்டா ரயில் ஏறுமுன் இரண்டு நாளாவது வந்து போங்கள். கொடி வளர்ந்தால் வெட்டவேண்டுமாமே. அதற்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். எந்தக் கணுவில் வெட்டுவது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

தங்கள் அன்பு மனைவி,
இருதயம்மாள்