அப்பாவின் நான்கு சீட்டுகள்

ஜூன் 14, சனி. டிரெஸ்டன்.

அப்பா இன்று வாக்களித்தார். வாழ்க்கையில் முதல் தடவை. அதுவும் அமெரிக்காவின் 1860ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில்.

பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்காக, வரலாற்று மாணவர்கள் நாங்கள் அந்தத் தேர்தலை நடத்திக் காட்டினோம். நான்கு வேட்பாளர்கள், நான்கு மேசைகள், நான்கு நிறச் சீட்டுகள். அந்தக் காலத்தில் இரகசிய வாக்கு இல்லை. பிடித்தவரின் சீட்டை எல்லோரும் பார்க்க எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும்.

ஊரில் இருந்த காலத்தில், யாருக்குப் போட்டாய் என்று கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள் என்ற பயத்தில் வாக்குப் போடவே போகாதவர் அப்பா. இங்கே குடியுரிமை போன மாதம்தான் கிடைத்தது.

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு நான்கு மேசைக்கும் போய், நால்வரிடமும் சிரித்து, நான்கு சீட்டையும் வாங்கினார். தூணுக்குப் பின்னால் நின்று ஒன்றை மட்டும் எட்டாக மடித்துப் பெட்டியில் போட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

டிராமில் ஏறியதும் சத்தமாகச் சொன்னார்: “அடிமைமுறை பரவக்கூடாது எண்டவருக்குத்தான் போட்டனான், பிள்ளை.” முழு டிராமும் திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை.

இப்போது அடுத்த அறையிலிருந்து கேட்கிறார்.

“ஆர் வெண்டது?”

“அவர்தான் வெண்டவர் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே அப்பா.”

“அதில்லை. எங்கட பெட்டியில?”

“திங்கள்தான் எண்ணுவம்.”

அவர் விளக்கை அணைக்கும் சத்தம் கேட்டது. நித்திரை என்று நினைத்தேன்.

“அப்ப, பெட்டிக்கு ஆர் காவல்?”