தனிக் கிண்ணத்தில் உடைத்த முட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். நீ வேலைக்குத் திரும்புவதற்குள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது கண்ணு, எந்த வாசனையும் தெரிவதில்லை, டாக்டரும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார், பொறுத்துப் பொறுத்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒருவருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன், முட்டைதான் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் பாத்திரத்தில் விட வேண்டும் என்று உன்னைப் படாதபாடு படுத்தியவள் நான். போன மாதம் உன் அண்ணன் வீட்டார் சாப்பிட வந்த அன்று, பழக்கதோஷம், நானும் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு முட்டையில் மஞ்சள் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். மற்ற முட்டைகளோடு சேர்த்து அடித்து வாணலியில் ஊற்றினேன். கூடத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓட, நான் மட்டும் நிதானமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அண்ணி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பைத் தானே அணைத்துவிட்டுப் போனாள், அதுதான் தாங்கவில்லை. அன்றிலிருந்து, குறை சொல்லாமல் ஒரு வாய் சாப்பிடாத உன் அப்பா, முகத்தில் சவர நுரையோடு இருந்தாலும் நான் கிண்ணத்தை நீட்டினால் வந்து முகர்ந்துவிட்டுப் போகிறார். தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன், மிதந்தால் எறிந்துவிடுகிறேன் என்றேன். "முட்டைய தண்ணி சொல்லிடும், கேஸ் கசிஞ்சா யாரு சொல்லுவா?" என்றார்.

நான் வராததற்கு அதுதான் காரணம். பால் கெட்டிருந்தால் எனக்குத் தெரியாது, அடுப்பு அணைந்து கேஸ் வந்தால் தெரியாது, என்னை நம்பிப் பச்சைக்குழந்தையை எப்படி விட்டுவிட்டுப் போவாய். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். அவர் மூக்கும் என் கையும் சேர்ந்தால் ஒரு ஆள் கணக்கு வரும். வரலாமா வேண்டாமா என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி, என் மனசு நோகுமே என்று பார்க்காமல் எழுது.

முட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதே, திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும், உள்தட்டில் வை. கழுவி வைக்காதே. அவித்ததைப் பச்சை முட்டையோடு போட்டால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை, இல்லாவிட்டால் உன் அப்பாவைப் போல அவித்த முட்டையை வாணலி விளிம்பில் தட்டிக்கொண்டு நிற்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். குட்டிப் பெண்ணை உச்சி முகர்ந்து என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. எனக்காக நீ ஒருமுறை அவள் உச்சியை முகர்ந்து பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா