மாற்றுக்கு வந்த பெண்

சிவமயம்

கிளேட்டன், மெல்பேர்ண்
12.8.1977

அன்பு மகள் கமலினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் கண் திறந்திருப்பதால் நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் வெயிலில் ஒரு தலையிடிகூட இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் விளக்கு வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். உடம்புச் சுகம்தான், வீட்டில் வேறு சுகம் ஒன்றும் இல்லை. அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சமைத்து வைப்பதைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார், பீங்கானைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார், வேலைக்குப் போகிறார், வந்து டெலிவிஷன் பார்க்கிறார், நான் முன்னால் போய் நின்றால் கழுத்தை வளைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் பார்க்கிறார். குளிரும் இந்த வருஷம் போகிற பாடாய் இல்லை. பின்வளவில் வைத்த மிளகாய்க் கன்றுகள் எல்லாம் கருகிப் போய்விட்டன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மிச்சிக்கோ நாளைக்குப் பிளேன் ஏறுகிறாள். வருஷம் முடியவில்லை, பாதியில் அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வீட்டு வாசலில் நிற்பாள், அந்த வீட்டில்தான், அவளுடைய அறையில்தான், நீ படுக்கிறாய். இங்கே அவள் எப்படி இருந்தாள் என்பது அவளைப் பெற்றவளுக்குத் தெரியவரப் போகிறது. கண்ட கண்ட ஆட்கள் உனக்குச் சொல்லுவதைவிட நானே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வாசி, பாதியில் மடித்து வைத்துவிட்டு அழாதே.

பங்குனி மாதம் உன்னை அனுப்பும்போது கம்பஸ் கமிட்டியிலிருந்து அந்த மிஸிஸ் ஹாரிசன் வந்து நம் கதிரையில் இருந்துகொண்டு எத்தனை தேத்தண்ணி குடித்து விளக்கினாள், உங்கள் மகள் அவர்கள் வீட்டுக்கு, அவர்கள் மகள் உங்கள் வீட்டுக்கு, ஒரு வருஷம், பண்பாட்டுப் பரிமாற்றம், அருமையான அனுபவம் என்று. கண்டறியாத பரிமாற்றம். எனக்கு அவள் விளக்கத் தேவையில்லை, எங்கள் ஊரில் அதற்கு மாற்றுச் சம்பந்தம் என்று பெயர். நான் உன் அப்பாவுக்கு வந்தேன், அப்பாவின் தங்கச்சி பவளம் என் அண்ணனுக்குப் போனாள், ஒரே பந்தலில் இரண்டு தாலி. அண்ணன் குடிவெறியில் வந்து பவளத்துக்குக் கை நீட்டினான் என்று கேள்விப்பட்டால் அடுத்த நாள் விடிய எனக்கு இங்கே, அப்பாவின் வீட்டில், தேத்தண்ணி இல்லை. என் அம்மா அங்கே அவளுக்கு ஒரு புதுச்சேலை எடுத்துக் கொடுத்தால் இங்கே என் சோற்றில் நெய் விழும். அவள் அழுதால் நான் பட்டினி, நான் அழுதால் அவள் பட்டினி. இதில் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் என்றில்லை, முறை அதுதான். ஆளுக்கு ஆள் மாற்றினால் அங்கே இருக்கிற உன் பிள்ளையின் வயிறு இங்கே உன் கையில் இருக்கிற அகப்பையில்தான்.

அதற்குள் உன் சித்திரை மாதக் கடிதம் வந்தது. என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? வீட்டில் எல்லோரும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குளிக்கிறார்கள் அம்மா, வந்த முதல் கிழமை ஏழு நாளும் என்னை முதலில் விட்டார்கள், இப்போது என்னைக் கடைசி ஆளாகத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவு பேரும் ஊறின தண்ணீரில் நான் இறங்க வேண்டும், விடிய எழும்பி நடைபாதை துடைக்க வேண்டும், நான் இங்கே வேலைக்காரி மாதிரி என்று மூக்கால் அழுது எழுதியிருந்தாய். நம் வீட்டில் ஒருவர் வாய் வைத்த செம்பில் மற்றவர் குடித்ததில்லை, என் பிள்ளை ஊரார் உடம்பு கழுவின தண்ணீரில் குளிப்பதா? அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, "அது அவையின்ர பழக்கமாயிருக்கும் பாமா, விடும்" என்றார். எதைத்தான் அவர் விடவில்லை? நான் விடவில்லை.

அன்றைக்கே மிச்சிக்கோவுக்குச் சொன்னேன், இனிமேல் இந்த வீட்டில் நீ கடைசியாகக் குளிக்க வேண்டும் என்று. நம் சுடுதண்ணீர்த் தாங்கியின் இலட்சணம் உனக்குத் தெரியும், இரண்டு பேர் குளித்தால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். போதாததற்கு அப்பாவின் காற்சட்டைகளை வேண்டுமென்றே சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத்தான் அவளைக் கூப்பிடுவேன். அந்தப் பெட்டை என்ன செய்தாள் தெரியுமா? இடுப்பு நாரி வளையக் குனிந்து கும்பிட்டாள். கண்ணெல்லாம் கலங்கி, "தாங்க்யூ அம்மா" என்றாள். யாரடி உனக்கு அம்மா என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். குளியலறைக்குள் பல்லுக் கிட்டுகிற சத்தம் குசினிவரை கேட்கும், வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கொதி ஏறும்.

பிறகு அவளுக்கென்று ஒரு பீங்கானும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் ஒதுக்கி, உடுப்புத் தோய்க்கிற அறையில் சவர்க்காரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மீன் மாமிசம் தின்கிற வாய், நாங்கள் இப்படித்தான் ஒதுக்கி வைப்போம், எங்கள் பண்பாடு என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள். ஸ்பிரிங்வேலில் கிடைக்கிற அந்தக் காரச் செத்தல் மிளகாயை இடித்துச் சம்பல் போட்டுப் புட்டோடு வைத்தால், மூக்காலும் கண்ணாலும் தண்ணி ஓட ஓடத் தின்றுவிட்டு "நல்ல ருசி" என்று தமிழில் சொல்லுவாள், அப்பா சொல்லிக் கொடுத்தது. மேசையில் இருக்காதே, உங்கள் வீட்டில் நிலத்தில்தானே இருப்பீர்கள் என்று குசினி நிலத்தில் இருத்தினேன். இருந்தாள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் பின்னாலிருக்கிற தகரக் கொட்டிலில் படுக்கச் சொன்னேன். நானே இந்த ஊருக்கு வந்தபிறகு அதையெல்லாம் விட்டவள், உன்னை ஒரு நாளும் வெளியே விட்டதில்லை, அவளை விட்டேன். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ கோயிலுக்குப் போகிற மாதிரிப் போனாள்.

நான் ராட்சசி இல்லை கமலினி. நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. அவள் தாய்க்கு ஒரு சொல் எழுதிப்போட வேண்டும், அம்மா இங்கே எனக்குக் கஷ்டம் என்று. அந்தத் தாய் அதை வாசித்துவிட்டு, ஐயோ என் பிள்ளை அங்கே இருக்கிறதே என்று உன்னை ஒழுங்காகப் பார்ப்பாள். பவளம் அழுததால்தான் என் அண்ணனை அம்மா அடக்கினாள், அதனால்தான் எனக்குச் சோறு கிடைத்தது. இவள் அழவில்லை. வீட்டுக்கு என்ன எழுதினாய் என்று கேட்பேன், "வெரி ஹாப்பி என்று எழுதினேன் அம்மா" என்பாள். அழுத்தக்காரி என்று நினைத்தேன். பொய் எழுதி என் பிள்ளையை அங்கே சாகடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் எழுதவில்லை, எழுதவில்லை என்று பார்த்துப் பார்த்து நானும் இறுக்கிக்கொண்டே போனேன். ஆனி மாதம் அவளுடைய அறை ஹீட்டரை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். அப்பா அதை எடுத்துத் திரும்பவும் அவள் அறையில் வைத்தார், நான் பிளக்கை வெட்டிவிட்டேன். அன்றைக்கு அவர் கத்தின கத்து, "உனக்கென்ன விசரே, அந்தப் பிள்ளை எங்களுக்கு என்ன செய்தது?" என்று. அவள் ஒன்றும் செய்யவில்லை, அவளுடைய தாய் செய்கிறாள் என்றேன்.

அடுத்த விலக்குக்கு அவள் கொட்டிலில் படுத்தபோது தடிமனும் இருமலும் இருந்தது. பாவம் என்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடிய அப்பா கதவைத் தட்டித் திறந்து பார்த்தால் காய்ச்சலில் அனலாய்க் கிடக்கிறாள், மூச்சு இழுக்க விசில் அடிக்கிறது. அப்பா தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார், அவருடைய நாரிப் பிடிப்பும் அதனால்தான். நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். அங்கேதான் மிஸிஸ் ஹாரிசன் போய் அவளுடைய கட்டிலடியில் இருந்து கேட்டிருக்கிறாள். நம் பெண் மிச்சிக்கோ குறை சொல்லவில்லை, அதுதான் வினை. தமிழ்ப் பண்பாட்டை அக்கறையாய் விளக்கியிருக்கிறாள், எங்கள் வீட்டில் இப்படி இப்படிச் செய்வோம், தனிக்கோப்பை, நிலத்தில் சாப்பாடு, தகரக் கொட்டில், பிளக் இல்லாத ஹீட்டர் என்று ஒன்றும் விடாமல், பெருமையாய். பெட்டை 'எங்கள் வீடு' என்றுதான் சொன்னாளாம். மிஸிஸ் ஹாரிசன் நேரே இங்கே வந்தாள், இருக்கச் சொன்னேன் இருக்கவில்லை, தேத்தண்ணி கேட்டேன் வேண்டாமென்றாள், கொட்டிலைத் திறந்து பார்த்தாள், தோய்க்கிற அறைக்குள் போய் அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போய்விட்டாள். பிள்ளை தனியாகப் பிரயாணம் செய்யக் கூடாதென்று டொக்டர் சொன்னதால் இவளே கூடப் போகிறாள். கண்டதையெல்லாம் தாயின் முகத்துக்கு நேரே வாயால் சொல்லத்தான் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

உனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்று முந்தாநாள் அப்பா டெலிபோன் எடுத்தார். நீ வகுப்புப் பிள்ளைகளோடு மலைப்பக்கம் போயிருக்கிறாயாம், திங்கட்கிழமைதான் வருவாயாம். எடுத்தது அந்தத் தாய். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள்தானே, நிறுத்தி நிறுத்தி நன்றாய்ப் பேசினாளாம். காய்ச்சல் வருத்தம் வந்து திரும்புகிறாள் என்று தந்தி மட்டும்தான் கிடைத்திருக்கிறது, ஏன் வந்தது என்று தெரியாது. என் மகள் வருத்தக்காரியாகி உங்களுக்குக் கரைச்சல் கொடுத்துவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதோடு விட்டாளா? ஒரு மாதத்துக்குள்ளேயே எங்கள் பிள்ளையைக் கடைசியாகக் குளிக்க வைத்தீர்களாம், எழுதியிருந்தாள், வாசித்துவிட்டு நானும் அவளுடைய தகப்பனும் அழுதோம் என்றாளாம். விருந்தாளியைத்தான் அங்கே முதலில் விடுவார்களாம், கடைசி முறை வீட்டுப் பெண்பிள்ளைக்காம். உங்கள் கமலினியையும் நாங்கள் அப்படித்தான் எங்கள் மகளாக வைத்திருக்கிறோம் என்றாளாம். அப்பா "யெஸ், யெஸ்" என்று சொல்லி வைத்துவிட்டு இதை எனக்கு ஒப்புவித்தார், அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

கேட்கிறேன், உனக்கு வாய் இல்லையா? பட்டப்படிப்புப் படிக்கிறாய், ஏன் என்னைக் கடைசியில் விடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை அந்த மனிசியிடம் கேட்டிருக்க முடியாதா? பெற்றவளுக்கு மூக்கால் அழுது எழுத மட்டும் கை வந்தது. பிறகு வந்த கடிதங்களில் காற்சட்டை தைத்தேன், பூ அடுக்கினேன், மலை பார்த்தேன் என்று எழுதினாயே தவிர, அம்மா நான் முதலில் எழுதினது பிழை, இங்கே என்னை நன்றாகப் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினாயா? அந்த ஒரு வரி வந்திருந்தால் ஹீட்டர் அவள் அறையிலேயே இருந்திருக்கும். நான் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன், உன் அப்பா ஆயிரம் சொல்லட்டும். என் பிள்ளைக்காகச் செய்தேன், இன்னொருக்கால் நீ அப்படி எழுதினால் இன்னொருக்காலும் செய்வேன்.

இனி நடக்கப் போவதைக் கேள். திங்கட்கிழமை நீ மலையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்து கதவைத் திறக்கும்போது அவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். மெலிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற பிள்ளையை அந்தத் தாய் பார்த்திருப்பாள், மிஸிஸ் ஹாரிசன் சொல்லியும் முடித்திருப்பாள். அறையை அவளுக்கு விட்டுக் கொடு. ஏசினால் ஏச்சு வாங்கு, திருப்பிக் கதைக்காதே. அம்மா இப்படிச் செய்தாளா என்று கேட்டால் ஓம் என்று சொல்லு, எனக்காகப் பொய் சொல்லாதே, அவர்கள் முகத்தைப் பார்த்தால் நீ உளறிவிடுவாய். பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள், சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடு. இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போதுதான் நினைவு வருகிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு கிழமைக்கு மேல் ஆகும். நீ வாசிக்கும்போது அவர்கள் உனக்குச் செய்கிறதைச் செய்து முடித்திருப்பார்கள்.

நான் அந்தத் தாயாக இருந்தால் உன்னை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும் பிள்ளை. அதனால்தான் இரண்டு நாளாய் நான் சோறு தொடவில்லை. அவள் என்ன செய்வாள் என்றுதான் எனக்குத் தெரியாது, நீதான் எழுத வேண்டும்.

நல்லூரான் உனக்குத் துணை நிற்பான், விபூதி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன், பூசிக்கொள். பதில் உடனே போடு, நடந்ததை நடந்தபடி எழுது, கூட்டியும் எழுதாதே குறைத்தும் எழுதாதே. அப்பாவையும் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லிப் பேனையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
சத்தியபாமா