ரூபி சொன்னதும் நீங்கள் சொன்னதும்

இன்று கோகுலாஷ்டமி. பக்கத்து வீட்டு அலமேலு ஒரு கிண்ணத்தில் அவல் கொண்டுவந்து கொடுத்தாள். வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்த ஈர அவல். "எடுத்துக்கங்க அக்கா, உங்க சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்று சிரித்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை என்னை இந்தச் சென்னீர்குப்பத்து வீட்டிலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே உங்கள் மேல் ஆத்திரமும் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆத்திரம் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

கட்டிய கணவனுக்கு இப்படி ஒரு மடலா என்று கேட்பார்கள். கேட்கட்டும். உயிரோடு இருந்தவரை உங்களை "நீங்க" என்றே அழைத்தேன், இப்போதும் அந்த மரியாதையை எடுத்துவிடவில்லை. மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

ஜபல்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு நாம் ஆவடிக்கு மாற்றலாகி வந்த மறு வருஷம், அடுத்த வாசலுக்கு அவர்கள் குடிவந்தார்கள். சாமுவேல், ரூபி, மகள் மிரியம். பம்பாய்ப் பக்கத்து ஆட்கள். கதவில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நம் சபையார் அத்தனை பேரும் அவர்களை நம்ம ஆட்கள் என்றே முடிவுகட்டினார்கள். ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிட நீங்களே பாட்டுப் புத்தகத்தோடு போனீர்கள். ரூபி கதவைத் திறந்து, "நாங்க யூதருங்க. எங்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை" என்று இந்தியில் சொன்னாள். உங்கள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வேதத்தில் மட்டுமே பார்த்திருந்த ஜனம், மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கையில் பச்சை வளையலுமாக நம் பக்கத்து வீட்டில் நிற்கிறது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு ரூபி கிடைத்தாள். ஜபல்பூர் சந்தையில் பொறுக்கிய இந்தி அவளிடம் பேசத்தான் எனக்கு உதவியது. நான் மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தை வெறுமனே திருப்பமாட்டாள், ஒரு பிடி வேர்க்கடலையாவது போட்டுத்தான் தருவாள். ஒருமுறை அவளோடு பூந்தமல்லி தாண்டி பஸ்ஸில் போனபோது, அடுத்த நிறுத்தம் நசரத்பேட்டை என்று சொன்னேன். அவள் காதில் அது இயேசுவின் நாசரேத்தாக விழுந்தது. "இங்கேயும் வந்துட்டாரா உங்க ஆளு?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் விசுவாசம் ஒன்றும் கரைந்துபோகவில்லை.

மிரியம் டைபாய்டிலிருந்து எழுந்தபோது ரூபி இதே மாதிரி அவல் பிசைந்து, பழமும் வைத்து, எலியா தீர்க்கதரிசியின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினாள். நம்மையும் கூப்பிட்டிருந்தாள். மீட்பராகிய மேசியா வருமுன் எலியா வந்து அறிவிப்பார், அதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்றாள். உங்களால் அவலை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"எலியா வந்தாச்சே. இயேசுவுக்கு முன்னாடி வந்த யோவான் ஸ்நானன்தான் அவர். மேசியாவும் வந்தாச்சு. உங்க ஏசாயா புஸ்தகத்திலேயே இருக்கே, பாடுபடற தாசன், அடிக்கக் கொண்டுபோற ஆடு மாதிரி வாய் திறக்காதவர். அது யாராம்?"

"நாங்கதான்" என்றாள் ரூபி, இன்னும் கொஞ்சம் அவலை உங்கள் தட்டில் வைத்தபடி. "அதே புஸ்தகத்துல நாலு பக்கம் முன்னாடி தள்ளிப் பாருங்க. இஸ்ரவேல்தான் என் தாசன்னு ஆண்டவரே சொல்றார். ஊர் ஊரா அடிவாங்கின ஜனம் நாங்கதானே?"

"ஒரு ஜனம் எப்படி அடுத்தவங்க பாவத்துக்காகப் பாடுபடும்? அது ஒருத்தர்தான்."

"மேசியா வந்தா பட்டயக்கத்தியை உடைச்சு ஏர்க்கொழு அடிப்பாங்கன்னும் அதே ஏசாயாதானே எழுதியிருக்கார். நீங்களும் எங்க வீட்டுக்காரரும் காலையில சைக்கிள்ல போறீங்களே, மதிலுக்கு அந்தப் பக்கம் என்னத்தை அடிக்கிறீங்க? ஏர்க்கொழுவா?"

சாமுவேல் விழுந்து விழுந்து சிரித்தார். டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தீர்கள். அது இயேசுவின் இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்றீர்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு வருகைதான் என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது, அவல் தீர்ந்தது, யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரத்தை நானும் உங்களைப் போலத்தான் படிக்கிறேன். அந்தத் தாசன் எனக்கும் இயேசுதான். என் பகை அதில் இல்லை.

பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் தோப்புக்காரர் தேவசகாயம் தன் தோப்பில் பந்தல் போட்டு வருஷா வருஷம் கன்வென்ஷன் என்று பெரிய ஜெபக்கூட்டம் நடத்துவார். அந்த வருஷம் ஒரு யூத சகோதரியை மேடையேற்றுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ரூபியிடம் என்ன சொன்னீர்கள்? "அந்தத் தாசன் பகுதியை எபிரெயத்துல வாசிங்க, ஜனங்க அந்த மொழியைக் கேக்கட்டும். உங்க ஆளுங்க அதை எப்படிப் புரிஞ்சுக்கறாங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. நான் தமிழ்ல சொல்றேன்." அவள் நம்பினாள். இந்த ஊரில் தங்களைப் போல ஒரு ஜனம் இருக்கிறதென்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டாள். நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பா தொழுகைக்கூடத்தில் வேதம் வாசிக்கிறவர். அந்த ராகத்திலேயே வாசித்தாள். பந்தலே அடங்கிப்போயிருந்தது.

பிறகு மைக்கில் இந்தியில் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். "இந்தத் தாசன் எங்க ஜனம்னு எங்கப்பா சொல்லிக்கொடுத்தார். மேசியா இன்னும் வரலை, நாங்க காத்திருக்கோம். என் பக்கத்து வீட்டுக்காரி அவர் வந்துட்டார்னு நம்பறா. நாங்க ரெண்டு பேரும் ஒரே உரல்லதான் மாவு இடிக்கறோம்."

நீங்கள் தமிழில் சொன்னீர்கள்: "என் தகப்பன் என்னை இருளில் வளர்த்தான். இன்று என் கண்கள் திறந்தன. இந்தத் தாசன் இயேசுவே என்று அறிக்கையிடுகிறேன்."

பந்தல் முழுக்க அல்லேலூயா என்று எழுந்தது. கிழவிகள் அழுதார்கள். தமிழ் புரியாத ரூபி, தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பிச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து தேவசகாயத்தின் ஆள் படம் எடுத்தான்.

திரும்பும் பஸ்ஸில் உங்களிடம் கேட்டேன், "அவ அப்படிச் சொல்லவே இல்லையே?" ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பதில் சொன்னீர்கள்: "ஆவியானவர் என் நாவுல வெச்சதைச் சொன்னேன்."

மறுநாளே ரூபியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போதகரிடமும் போனேன். "வீட்டுக்காரர் மேலேயே பிராது கொண்டு வர்றீங்களேம்மா" என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். தேவசகாயத்தின் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது, 'மேசியாவைக் கண்டுகொண்ட யூதப் பெண்' என்று. அது எப்படியோ பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மிரியத்துக்கு நிச்சயம் ஆகியிருந்த பிள்ளை வீட்டார், மதம் மாறியவள் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ரூபியின் அப்பா பெற்ற மகளுக்கு, அவள் உயிரோடிருக்கும்போதே, செத்தவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னாராம். தான் சொல்லாத வார்த்தையை மறுக்க அவளிடம் என்ன சாட்சி இருந்தது? கைகூப்பிச் சிரிக்கிற படம்தான் எல்லோரிடமும் இருந்தது.

சாமுவேல் மாற்றல் வாங்கினார். கிளம்புகிற அன்று, என் கிண்ணம் ஒன்று அவளிடம் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவித் துடைத்து, வெறுமையாக. அதுவரை ஒருநாளும் அப்படிக் கொடுத்ததில்லை. "உன் மேல கோபம் இல்லை" என்றாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்களோ வளர்ந்தீர்கள். வேலப்பன்சாவடியிலிருந்து அரக்கோணம் வரை எந்தக் கூட்டமானாலும் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர், பிறகு நீங்கள்தான் பிரசங்கியார். மேடைக்கு மேடை ரூபியின் கதையைச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நான் சாப்பாடு போட்டேன், சட்டைக்குக் கஞ்சி போட்டேன், காத்திருந்தேன். காத்திருக்க எனக்கு ரூபி கற்றுக்கொடுத்திருந்தாள்.

பக்கவாதம் வந்து உங்கள் வாய் கோணி நாக்கு குழறியபோது, டாக்டருக்குக்கூட நீங்கள் சொல்வது புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. இத்தனை வருஷம் கேட்ட குரலாயிற்றே. கடைசிச் சாட்சியை வாங்கிப் பத்திரிகையில் போட வேண்டுமென்று தேவசகாயம் சபையாரோடும் படம் எடுக்கிற ஆளோடும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார். நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள்.

"இன்னாக்கா சொல்றாரு அண்ணாத்தே? ஒண்ணும் புரில. நீ கொஞ்சம் சொல்லு, எழுதிக்கினு போறேன்" என்றார் தேவசகாயம்.

சொன்னேன். "அந்த யூதப் பொண்ணு மேடையில இயேசுவை அறிக்கை பண்ணவே இல்லையாம். மேசியா இன்னும் வரலை, காத்திருக்கோம்னுதான் சொன்னாளாம். இவர்தான் மாத்திச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டாராம். அதைப் பத்திரிகையில போடச் சொல்றார்."

நல்ல கையால் கட்டிலை அடித்தீர்கள். தலையை ஆட்டினீர்கள். கண்ணில் நீர் கொட்டியது.

"அண்ணாத்தே மன்சொடைஞ்சி அழுவுறாரு பாருங்கப்பா!" என்றார் தேவசகாயம். "அல்லேலூயா!" எல்லோரும் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். படத்தோடு அது பத்திரிகையில் வந்தது. இந்தியில் எழுதவைத்து, ரூபியின் அப்பா வாசித்துவந்த தொழுகைக்கூடத்துக்கு நானே அனுப்பினேன். பதில் வரவில்லை. மிரியத்துக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கன்வென்ஷனிலும் இப்போது உங்கள் பெயரை எடுப்பதில்லை. அது எனக்கு இனிப்பாக இருக்கிறது.

உங்களை மன்னித்துவிடச் சொல்லப் போதகர் வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, நீங்கள் சொன்னதாகச் சொன்னது மட்டுமே பொய்.

அலமேலுவின் கிண்ணத்தைக் கழுவி நாலு முறுக்கு வைத்திருக்கிறேன், சாயங்காலம் கொடுக்க வேண்டும். ரூபி விட்டுப்போன வெறும் கிண்ணம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை நான் எதற்கும் எடுப்பதில்லை.

அன்று அவர்கள் எல்லோரும் போன பிறகு உங்கள் காதருகே குனிந்து, நம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த இந்தியில் சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்: "ஆவியானவர் என் நாவுல வெச்சதைச் சொன்னேன்." அதன் பிறகுதான், அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றபோது நீங்கள் என்னிடம் கேட்ட தண்ணீரைக் கொடுத்தேன்.