தட்டை அறியாத காலடி

ஜூன் 3
ஹோபார்ட்டில் நாள் முழுக்க மழை. நடை ஆய்வுக்கூடத்துக்கு டூகல் மட்டும் வந்தார். ஹுவான்வில்லில் ஆப்பிள் தோட்டக்காரர். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். காலெல்லாம் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டினேன். கேமராக்கள் அவற்றைப் பார்க்கும், தரைக்குள் பதித்த தட்டு பாதத்தின் விசையை அளக்கும். இரண்டையும் சேர்த்தால் எந்தத் தசை எந்த மூட்டை எவ்வளவு பலத்தோடு திருப்புகிறது என்று தெரியும். எல்லாருடைய நடையும் எனக்குத் தெரியும், என்னுடையதைத் தவிர.

இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வாய் திறந்தேன்.

ஜூன் 5
டூகலின் இடது கணுக்கால் வரைபடம் தட்டையாகக் கிடக்கிறது. கெண்டைத் தசை உந்தவே இல்லை. டாக்டர் ஹாலோரன் குதிகால் தசைநாணை நீட்டும் அறுவைக்குத் தேதி குறித்துவிட்டார். அப்புறம் ஒரு வருடம், மாதாமாதம் இங்கே பரிசோதனை.

மாதாமாதம் வருவார். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும்.

ஜூன் 6
ஐயோ, நான்தானே சொன்னேன்.

தட்டு எங்கே என்று நடப்பவரிடம் மூச்சுவிடக் கூடாது. தெரிந்தால் அதைக் குறிவைத்து எட்டு வைப்பதைச் சுருக்குவார்கள், உந்துவிசை காணாமல் போய்விடும். இருபத்திரண்டு வருடமாகக் காத்த வாய். அன்று ஏழு தடவை நடந்தும் கால் தட்டில் சரியாக விழவில்லை. "அந்தச் சாம்பல் கட்டத்துல மிதிங்க டூகல், முடிச்சிட்டு டீ குடிப்போம்" என்றேன். பேச ஆள் கிடைத்த அவசரம்! அந்த ஓர் எட்டை நம்பித்தான் காலை அறுக்கப் போகிறார்கள். இருக்கிற பலமும் போய்விடுமே.

ஜூன் 9
அரசர் பிறந்தநாள் விடுமுறை. யாரும் கூப்பிடவில்லை. சொன்னால் வேலை போகலாம். டூகலும் வரமாட்டார். எதற்கு அதிகம் பயப்படுகிறேன்?
இரண்டாவதுக்குத்தான்.

ஜூன் 10
சொல்லிவிட்டேன். ஹாலோரன் திட்டவில்லை. "நீங்களா, மெர்ல்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 12
மறுபடி அளக்க டூகல் வந்ததும், "இன்னிக்கு எங்க மிதிக்கணும்?" என்றார்.
"எங்கயும் இல்ல. அந்தச் சுவரப் பாத்து நடங்க."
"டீயாவது உண்டா?"
பதினேழாவது நடையில் கால் தானாகவே தட்டில் விழுந்தது. வரைபடத்தின் கடைசியில் ஒரு மேடு. சின்னதுதான், ஆனால் கெண்டைத் தசை உந்துகிறது. அறுவை வேண்டாம், ஹுவான்வில்லிலேயே பயிற்சி போதும் என்றார் ஹாலோரன். டீ வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதியில் கிளம்பினார்.

ஜூலை 1
இன்று யாரும் இல்லை. உருண்டைகளை என் காலில் ஒட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கால் சரியாகத் தட்டில் விழுந்தது.
தட்டு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியுமே. அளவு செல்லாது. அழித்துவிட்டேன்.