பிடித்துத் தைத்த சட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. "போட்டோல அண்ணன் நல்லாத்தானே இருக்காரு, நீங்கதான் சும்மா பயப்படுறீங்க" என்று நேற்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ பார்த்த போட்டோவில் அவர் போட்டிருக்கிற சட்டையை, அவர் இளைக்க இளைக்க மூன்று முறை பிடித்துத் தைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் தைப்பவளுக்கு அது பெரிய வேலையா? கண்ணாடியைப் பார்த்து அவர் மனசு விட்டுவிடக் கூடாதென்று செய்தேன். உன் கண்ணை மட்டுமா கட்டினேன், என் கண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியதும் டாக்டர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"அசையவே விடாதீங்க, நல்லா சாப்பாடு போடுங்க" என்றாயே. தண்ணீர் டம்ளரைக்கூட நானே தூக்கிக் கொடுத்தேன். டாக்டர் இப்போது சொல்கிறார், இந்தப் புற்றுநோய் உடம்பின் சதையையே கரைக்குமாம், சாப்பாடு மட்டும் போதாதாம், முடிந்த அளவு நடந்திருக்க வேண்டுமாம். மூன்று மாதம் படுக்க வைத்த பிறகு இதைக் கேட்கிறேன். உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலேயே வருகிறது.

பிரிட்ஜைச் சுமந்து மூன்று மாடி ஏறிய மனிதருக்கு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கையூன்றாமல் ஐந்து முறை எழுந்தால்தான் அடுத்த மருந்து, இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசி வரை நேரம். இன்று இரண்டு முறை எழுந்தார். மூன்றாவதில் சரிந்தபோது பிடித்தேன். "உன்ன யாரு பிடிக்கச் சொன்னா" என்று கத்தினார். கத்தட்டும், அதற்காவது தெம்பு இருக்கிறதே.

நான் ஒன்று இரண்டு எண்ணினால் அவருக்கு எரிச்சல் வருகிறது. சுமை ஏற்றும்போது கீழ்ப்படியில் நிற்கிறவன்தான் குரல் கொடுக்கணுமாம், பாரம் அவன்மேல்தானே இருக்கும் என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிய காலத்தில் கீழ்ப்படியில் நின்றது நீதான். உன் குரலுக்குத்தான் அவர் எழுந்து பழகியிருக்கிறார்.

சட்டைத் தையல்களை எல்லாம் பிரித்துவிட்டேன். வந்தால் உள்ளதை உள்ளபடி பார்ப்பாய்.

நீயும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். கோபத்தோடு சொன்னாலும் மனசாரத்தான் சொல்கிறேன். போனில் குரல் கொடுக்காதே தம்பி. வந்து அவர் எதிரில் நின்று கொடு.

இப்படிக்கு,
உன் அண்ணி